ஏலியன் 3 மறு எடிட்டிங்: படம் துள்ளுகிறது, குரல் மெலிகிறது, என்ன காரணம்?

நீலத்திரை:
வணக்கம் மக்களே. ஏலியன் 3 படத்தை என் ருசிக்கு ஏற்ப வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பார்க்க மட்டும்தான், எங்கேயும் ஏற்றப் போவதில்லை. 1992-ல் தியேட்டருக்கு வந்த 114 நிமிட வடிவம் பழைய டிவிடியில் இருக்கிறது. 2003-ல் வெளிவந்த 145 நிமிட அசெம்ப்ளி கட், அதாவது வெட்டிய காட்சிகளை மீட்டுச் சேர்த்த நீண்ட வடிவம், ப்ளூரேயில் இருக்கிறது. நீண்டதை அடித்தளமாக வைத்து, அங்கங்கே தியேட்டர் வடிவத்தைச் செருகுகிறேன். எடிட்டிங் டைம்லைன் நொடிக்கு 23.976 ஃபிரேம்.

சிக்கல் இதுதான். டிவிடியிலிருந்து எடுத்த துண்டுகளில் கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் துள்ளல் வருகிறது. நாயகி ரிப்ளியின் குரலும் அந்தத் துண்டுகளில் மட்டும் லேசாக மெலிந்து கேட்கிறது. மென்பொருளை மாற்றிப் பார்த்தும் அதே கதை.

அப்புறம் கதை பற்றியும் கேட்க வேண்டும். தியேட்டர் வடிவத்தில் வருவதுபோல ஏலியன் ஜந்து நாயின் உடலிலிருந்து வர வேண்டும், அசெம்ப்ளியில் வரும் மாடு வேண்டாம். ஆனால் அசெம்ப்ளியில் கைதி கோலிக் அதைத் திறந்துவிடும் பகுதியும் வேண்டும். இரண்டும் ஒட்டுமா? முந்தைய படத்தில் ரிப்ளியோடு தப்பிய சிறுமி நியூட்டையும் வீரர் ஹிக்ஸையும் தொடக்கத்திலேயே கொன்றுவிடும் அநியாயத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா?

கொக்கி:
டிவிடி நம் ஊரில் வாங்கியதா? அப்படியென்றால் பெரும்பாலும் அது நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வகை. படம் எடுக்கப்பட்டது 24-ல். அதை 25-க்கு ஏற்றும்போது படம் முழுவதும் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும், குரலும் கூடவே மேலே ஏறும். டிவிடி எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். 110 பக்கம் வந்தால் சந்தேகமே வேண்டாம். அதை 23.976 டைம்லைனில் போட்டதும் மென்பொருள் நொடிக்கு ஒரு ஃபிரேமைத் தூக்கி எறிகிறது. உங்கள் துள்ளல் அதுதான்.

சரிசெய்ய, கிளிப்பின் ஃபிரேம் வேகத்தை 23.976 என்று அறிவியுங்கள். சத்தத்தை 95.9 சதவீத வேகத்துக்கு இறக்குங்கள். சுருதியைக் காப்பாற்றும் வசதி சில மென்பொருளில் தானாக இயங்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேகம் மட்டும் குறையும், குரல் மெலிந்தபடியே இருக்கும்.

மூன்றாம்மணி:
இவ்வளவு பாடு எதற்கு? 2010-ல் வந்த ஏலியன் படங்களின் ஆந்தாலஜி தொகுப்பு ப்ளூரே என்றால் அதே டிஸ்கில் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன, தம்பி. பொதுவான காட்சிகளை ஒரே கோப்பில் வைத்து, வேறுபடும் இடத்தில் மட்டும் கிளை பிரிப்பார்கள். தனித்தனிக் கோப்புகளாக இழுக்காமல், பிளேலிஸ்ட் வழியாக முழுப் படமாக இரண்டு தடவை எடுங்கள். டிவிடியை அலமாரிக்கே அனுப்பிவிடலாம். நிறமும் பொருந்தும்.

நாய் விஷயத்துக்கு வருவோம். கோலிக் பகுதியில் நாய், மாடு பேச்சே இல்லை. தீ விபத்துக்குப் பிறகு ஜந்துவை அணுக்கழிவு அறையில் அடைக்கிறார்கள், கோலிக் போய்த் திறக்கிறான், அதன் கையாலேயே சாகிறான். தாராளமாக ஒட்டும். பார்க்கப்போனால் அதைச் சேர்த்தே ஆக வேண்டும். தியேட்டர் வடிவத்தில் அந்த ஆள் மருத்துவ அறையோடு மாயமாகிவிடுகிறான், என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை.

கவனிக்க வேண்டியது இறுதிச் சடங்குக் காட்சி. கைதிகளின் தலைவன் டில்லன் பேசப் பேச, இடையிடையே ஜந்துவின் பிறப்பைக் காட்டுவார்கள். மாட்டு ஷாட்டை எடுத்துவிட்டு நாய் ஷாட்டை வைத்தால் பேச்சும் இசையும் நொண்டும். காட்சி முழுவதையும் தியேட்டர் வடிவத்திலிருந்தே எடுங்கள். நாயின் காயத்தைப் பார்த்துக் கைதி கலங்கும் துண்டையும் விடாதீர்கள். அசெம்ப்ளியில் கசாப்பு அறையில், முகத்தில் ஒட்டிக் கருவை உள்ளே வைக்கும் ஜந்து செத்துக் கிடப்பதைக் கண்டெடுப்பது வெளியே போக வேண்டும்.

இரவுக்காட்சி:
நாய் கட்சிக்கு என் ஓட்டு. நாலு காலில் பாயும் அந்த உருவத்தைப் பார்த்தால் மாடு எங்கே ஞாபகம் வருகிறது? ஆனால் கடற்கரைத் தொடக்கத்தை விட்டுவிடாதீர்கள். சிறை மருத்துவர் கிளெமன்ஸ் தனியாக நடந்து வருவது, கரையில் ரிப்ளி கிடப்பது, மாடுகள் விண்கலத்தை இழுப்பது... அந்தக் கிரகம் எவ்வளவு பாழ் என்று ஒரு வசனம்கூட இல்லாமல் புரிந்துவிடும். மாடு திரையில் தெரிந்தால் என்ன, அதற்குள்தான் ஜந்து போக வேண்டும் என்று சட்டமா?

நியூட், ஹிக்ஸ் விஷயத்தில் நான் கையை விரிக்கிறேன். ஹிக்ஸ் இந்தப் படத்தில் திரையில் தெரியும் ஒரு புகைப்படம்தான். நியூட்டாகக் கிடப்பதும் வேறொரு சிறுமி. உயிரோடு காட்ட ஒரு ஷாட்கூடக் கிடைக்காது.

கொக்கி:
நியூட்டின் பிரேதப் பரிசோதனையையாவது தூக்கலாம் என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். தூக்கினால், பரிசோதனைக்குக் காரணமாக ரிப்ளி சொல்லும் காலராப் பொய் போய்விடும். பிறகு கிளெமன்ஸ் உண்மையைச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருப்பது எதற்கென்றே புரியாது. அந்தச் சந்தேகத்தில்தான் இருவரும் நெருங்குகிறார்கள். வேண்டுமானால் ரம்பத்தின் சத்தத்தைக் குறைத்து, கிளெமன்ஸின் முகத்தில் கூடுதலாக நில்லுங்கள். கொடூரம் தணியும், கதை தப்பிக்கும்.

மூன்றாம்மணி:
அந்தச் சாவை அழித்தால் மிச்சம் இருப்பது இந்தப் படமே அல்ல. ரிப்ளி முழுக்க முழுக்கத் துக்கத்தில் நடமாடுகிறாள். கோபம் எனக்கும் உண்டு. அதற்காகக் கத்திரியை அங்கே வைக்க மாட்டேன்.

நீலத்திரை:
டிவிடி ஓட்ட நேரம் 110-தான் காட்டுகிறது. ப்ளூரேயிலிருந்தே இரண்டு வடிவங்களையும் எடுத்துவிட்டேன், துள்ளல் போய்விட்டது. குரலும் பொருந்துகிறது, நன்றி அண்ணே. கோலிக் பகுதி ஒட்டிவிட்டது. ஆனால் அசெம்ப்ளியில் மட்டும் உள்ள சில இடங்களில் குரலின் தன்மையே மாறிக் கேட்கிறது. அது என் எடிட்டில் வந்த கோளாறா?

கொக்கி:
இல்லை, அது டிஸ்கிலேயே அப்படித்தான். 2003 டிவிடியில் மீட்ட காட்சிகள் சிலவற்றில் படப்பிடிப்புத்தளச் சத்தமே இருந்தது, வசனம் சரியாகக் கேட்காது. 2010 ப்ளூரேக்காக நடிகர்களை அழைத்துத் திரும்பப் பேசவைத்தார்கள். இடையில் ஏறக்குறைய இருபது வருடம் ஓடிவிட்டதே, குரல் மாறாமல் இருக்குமா? ஈக்வலைசரில் மேல் அலைவரிசையைச் சற்று இறக்கி, அடுத்த காட்சியின் அறைச் சத்தத்தை அடியில் ஓடவிடுங்கள். ஒட்டும் இடத்தில் படமும் சத்தமும் ஒரே ஃபிரேமில் வெட்டுப்படக் கூடாது. சத்தத்தை அரை நொடி முந்திக் கொண்டுவாருங்கள். எலியட் கோல்டன்தாலின் இசை நடுவில் அறுந்தால், 5.1 சரவுண்ட் தடத்தில் நடு ஸ்பீக்கருக்கான சென்டர் சேனலை மட்டும் அமுக்குங்கள். வசனம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இடமும் வலமும் மிஞ்சும் இசையை அடுத்த ஷாட்டுக்குள் நீட்டலாம்.

இரவுக்காட்சி:
முடிவை எதிலிருந்து எடுக்கிறீர்கள்? ரிப்ளி உலைக்குள் விழும்போது ஏலியன் குட்டி அவள் மார்பைப் பிளந்துகொண்டு வருவதா, அவள் அமைதியாகக் கைவிரித்து விழுவதா?

நீலத்திரை:
அமைதியானதுதான். தியேட்டர் வடிவத்தில் அந்தக் குட்டி வெளியே வந்ததும் கண் அதன் மேல்தான் போகிறது, ரிப்ளியைக் கவனிக்க முடிவதில்லை.

மூன்றாம்மணி:
அங்கே மட்டும் நான் எதிர்க்கட்சி. அது வெளியே வந்த பிறகும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறாளே, அதில்தான் அவள் ஜெயிக்கிறாள். இரண்டு முடிவையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.