ட்ரெய்னர் 228 வாட், கிராங்க் 205 வாட்: எதை நம்புவது?

ஈசிஆர்_மிதி (கேள்வி)

மழை பிடித்ததிலிருந்து ஈசிஆர் பக்கம் போக முடியவில்லை, வீட்டு ஹாலில்தான் பயிற்சி. சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க, பின் சக்கரம் உருளை மேல் உட்காருகிற வீல்-ஆன் ஸ்மார்ட் ட்ரெய்னர் வைத்திருக்கிறேன், சைக்கிளின் இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) எத்தனை வாட் மிதிக்கிறேன் என்று அளக்கும் பவர் மீட்டர் இருக்கிறது. ஸ்விஃப்ட் என்கிற பயிற்சி ஆப்பில் ட்ரெய்னரை இணைத்துவிட்டு, ஹேண்டில்பாரில் இருக்கிற கம்ப்யூட்டரில் கிராங்கைத் தனியாகப் பதிவு செய்கிறேன். ஏறி உட்கார்ந்ததும் ட்ரெய்னரைக் காலிபரேஷன் (அளவைச் சரிசெய்வது) செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பது வழக்கம். முதல் சில நிமிடம் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்தான், அப்புறம் மெல்ல மெல்ல ட்ரெய்னர் மேலே போய், அரை மணி நேரத்தில் ட்ரெய்னர் 228, கிராங்க் 205 என்று நிற்கிறது. எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற அதிகபட்ச வாட்) டெஸ்ட் எடுத்ததும் ட்ரெய்னர் கணக்கில்தான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு சாலையில் இன்டர்வல் (கடுமையாகவும் மெதுவாகவும் மாறி மாறி மிதிப்பது) போட்டால் கால் ஒத்துழைக்க மறுக்கிறது. இரண்டில் எது சரி? பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு செயினை நேரே மாட்டுகிற டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர் வாங்கினால் இது தீருமா?

கோவை_கியர்

ஒன்றை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கிராங்க் அளப்பது உங்கள் கால் கொடுக்கிற பவர், ட்ரெய்னர் அளப்பது அது செயின், கியர், டயர் எல்லாம் தாண்டிப் பின்னால் வந்து சேர்ந்த மிச்சம். செயினிலும் கியரிலும் மட்டுமே 2 முதல் 4 சதவீதம் போய்விடும். ஆகவே ட்ரெய்னர் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்ட வேண்டும். உங்களுக்கு அதிகமாகக் காட்டுகிறது என்றால் இரண்டில் ஒன்றாவது தப்பு, அது உறுதி.

நீங்கள் சொன்னதிலேயே காரணமும் இருக்கிறது: காலிபரேஷனை ஏறினவுடன் செய்கிறீர்கள். 35 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏற்றிவிட்டு மிதிப்பதை நிறுத்தச் சொல்கிறதே, அப்போது சக்கரம் நிற்க எத்தனை வினாடி ஆகிறது என்பதை வைத்து டயருக்கும் உருளைக்கும் இடையே எவ்வளவு இழுவை என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது இழுவை அதிகம். 15 நிமிடம் ஓட்டினதும் டயர் சூடாகி இழுவை குறைந்துவிடும், ஆனால் ட்ரெய்னர் பழைய இழுவையையே கூட்டிக்கொண்டிருக்கும். உங்கள் எண் மெல்ல மெல்ல ஏறுவது அதனால்தான்.

டயரில் ஒவ்வொரு முறையும் ஒரே காற்றழுத்தம், உருளையின் திருகில் ஒரே அளவு இறுக்கம், 15 நிமிட வார்ம் அப், அதற்கப்புறம்தான் காலிபரேஷன். இதைச் செய்து பாருங்கள்.

வலதுகால்

மேலே சொன்னது சரி, ஆனால் கிராங்க்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். இடது கிராங்க் மீட்டர் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிறது. உங்கள் இடது கால் 48 சதவீதம்தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம், கிராங்கில் தெரிகிற 205 உண்மையில் 213-க்கு மேல். இதில் கொடுமை என்னவென்றால் இந்த விகிதம் நிலையாக இருக்காது, களைத்துப் போனால் சிலருக்கு மாறிவிடும். 1986-இல் உல்ரிச் ஷோபரர் தொடங்கிய எஸ்ஆர்எம் மாதிரி, ஸ்பைடரில் (கிராங்கையும் முன் பல்சக்கரத்தையும் இணைக்கும் பகுதி) அளக்கிற மீட்டர்களில் இந்தச் சிக்கல் இல்லை, இரண்டு காலும் சேர்ந்துதான் அங்கே வந்து சேர்கிறது.

மீட்டரின் ஆப் டார்க் (முறுக்கு விசை) காட்டும் என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஜீரோ ஆஃப்செட் (சுமை இல்லாதபோது மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது) செய்துவிட்டு, பின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, இடது கிராங்க் முன்பக்கம் தரைக்குச் சமமாக இருக்கும்படி நிறுத்தி, பெடலில் எடை தெரிந்த ஒன்றைத் தொங்கவிடுங்கள். 170 மில்லிமீட்டர் கிராங்கில் 20 கிலோ தொங்கினால் 20 × 9.81 × 0.170, அதாவது சுமார் 33.4 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். எடையைக் கடைத் தராசில் நிறுத்தது என்றால் நல்லது, ஜிம் தட்டில் அச்சடித்திருப்பதை நம்ப முடியாது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் சைக்கிள் அந்தச் சூட்டுக்குப் பழகட்டும், அப்புறம் ஆஃப்செட் செய்யுங்கள்; உள்ளே இருக்கிற ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகம் வளைவதை அளக்கும் சென்சார்) வெப்பத்துக்கு அசையும்.

ஈசிஆர்_மிதி

ரெண்டு பேருக்கும் நன்றி. சூடான பிறகு காலிபரேட் செய்ததும் ட்ரெய்னர் கிராங்க்கை விடக் குறைவாக வந்துவிட்டது, கடைசி வரை அப்படியே நின்றது. இடது கிராங்க்கில் எடையும் தொங்கவிட்டேன், கணக்கோடு ஒத்துப்போகிறது. இனி எர்க் மோடில் (கேட்ட வாட்டுக்கு ட்ரெய்னரே பிரேக்கைச் சரிசெய்துகொள்ளும் முறை) பயிற்சி செய்யும்போது எதைப் பவர் சோர்ஸாக வைப்பது?

கோவை_கியர்

கிராங்க். சாலைக்கும் வீட்டுக்கும் ஒரே கருவி இருந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். இரண்டு சதவீதம் தப்பாக இருந்தாலும் எப்போதும் ஒரே மாதிரி தப்பாக இருக்கட்டும். ஸ்விஃப்ட் இணைப்புத் திரையில் பவர் சோர்ஸுக்குக் கிராங்க், கண்ட்ரோலபிளுக்கு (ஆப் கட்டுப்படுத்துகிற கருவி) ட்ரெய்னர் என்று தனித்தனியாகக் கொடுங்கள். எர்க் மோடில் ஒரு விஷயம் உண்டு: 200 வாட் கேட்டால் ட்ரெய்னர் தன் கணக்குப்படி 200-க்குத்தான் பிரேக் போடும், திரையில் கிராங்க் எண் சற்று கூடுதலாகத் தெரியும். ட்ரெய்னர்ரோட் என்கிற இன்னொரு பயிற்சி ஆப்பில் பவர்மேட்ச் என்றொரு வசதி இருக்கிறது, அது கிராங்க்கைப் பார்த்து ட்ரெய்னரைத் திருத்திக்கொண்டே வரும்.

எஃப்டிபி டெஸ்டைக் கிராங்க் எண்ணில் மறுபடி எடுங்கள், 20 நிமிடச் சராசரியில் 95 சதவீதம். பழைய எண்ணை வைத்துக்கொண்டு உடம்பை வதைக்காதீர்கள்.

வலதுகால்

டெஸ்ட் எடுக்கும் முன் ஃபேன் பாருங்கள். 200 வாட் பெடலுக்குப் போகிறது என்றால் உடம்பு அதோடு கூட 600 முதல் 800 வாட் வரை சூடாக வெளியே தள்ளுகிறது, ஹாலில் ஒரு இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து வைத்த மாதிரி. சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது, இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், வாட் விழும். அப்போது மீட்டரைச் சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை. சீலிங் ஃபேன் போதாது, நெஞ்சுக்கு நேரே ஒரு பெடஸ்டல் ஃபேன் வையுங்கள்.

டைரக்ட் டிரைவ் பற்றிக் கேட்டீர்களே. டயர் தேயாது, சத்தம் குறைவு, காற்றழுத்தத் தொல்லை இல்லை, நல்ல மாடல்களில் துல்லியம் ஒரு சதவீதத்துக்குள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஆனாலும் அந்தப் பணத்தில் நான் முதலில் இரண்டு பக்கமும் அளக்கிற பெடல்தான் வாங்குவேன், மழை விட்டதும் அது உங்களோடு ஈசிஆருக்கும் வரும்.