பதவி ஆசை உள்ளவரால் நல்ல ஆராய்ச்சி வருமா?

கரிசல்காற்று:
பதவி, விருது என்று ஓடுபவர்களால்தான் ஆராய்ச்சி கெடுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யான் ஹென்ரிக் ஷோன் என்ற இயற்பியலாளர் கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டார். வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் ஒரே இரைச்சல், அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் சிறு ஏற்ற இறக்கம், அப்படியே திரும்ப வந்திருந்ததைச் சிலர் கவனித்ததும் குட்டு உடைந்தது. 2002-இல் வேலை போனது.

தேன்சிட்டு:
அது மோசடி. அதை வைத்து ஆசைப்படுகிற எல்லோரையும் எடை போடாதீர்கள். நிதி கிடைக்காததால் 1995-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் உயிர்வேதியியலாளர் கத்தலின் கரிக்கோவைப் பதவி இறக்கியது. அப்போதும் அவர் தன் ஆய்வுப் பொருளான எம்ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்யும் குறிப்பைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் மூலக்கூறை, விடவில்லை. 2023-இல் ட்ரூ வைஸ்மேனோடு சேர்ந்து நோபல் பெற்றார். ஜெயிக்கும் வெறி இல்லாதவர் அன்றே மூட்டை கட்டியிருப்பார்.

கரிசல்காற்று:
அவர் என் பக்கத்துச் சாட்சி. பதவிதான் பெரிது என்றால் பணம் கிடைக்கும் வேறு தலைப்புக்கு மாறியிருப்பாரே.

தேன்சிட்டு:
சரி, பதவி இல்லாமல் வேலை எப்படி நடக்கும்? ஆய்வகம், கருவி, மாணவர்கள் எல்லாம் பதவியோடு வருபவை. அதற்கு ஆசைப்படுவதைக் குற்றம் போலப் பேசினால், கூச்சமில்லாதவர்கள் கைக்குத்தான் எல்லாம் போகும்.

முதல்தூறல்:
நான் ஆய்வு மாணவியாக இருந்தவள். மாதிரிகளைத் தயாரித்தது, அளந்தது, முதல் வரைவை எழுதியது எல்லாம் நான். இதழுக்கு அனுப்பும் நாளில் பார்த்தால் என் பெயர் மூன்றாவது. முதலில் நெறியாளர், அடுத்து ஆய்வகப் பக்கமே வராத ஒருவர். அவருடைய பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைகிறதாம். கேட்டதற்கு, "உனக்கு இன்னும் வயது இருக்கிறதே" என்றார் நெறியாளர். தேன்சிட்டு, நீங்கள் சொல்லும் ஆசைக்கு விலை கொடுப்பது கீழே இருப்பவர்கள்.

தேன்சிட்டு:
அநியாயம்தான், மறுபேச்சே இல்லை. ஆனால் உங்கள் பெயர் முதலில் வர வேண்டும் என்று நினைத்ததும் ஆசைதானே? அதில் தப்பே இல்லை.

முதல்தூறல்:
உழைத்தவள் பெயரைக் கேட்பதும், உழைக்காதவர் பெயரைச் செருகுவதும் ஒன்றா?

கரிசல்காற்று:
எண்ணிக்கையைப் பார்த்துப் பதவி கொடுக்கும்வரை இது நிற்காது. ஹிக்ஸ் துகள் இருக்கும் என்று 1964-இல் கணித்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ், அதற்குப் பிறகு வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இன்றைய சூழலில் தனக்கு வேலையே கிடைக்காது என்று 2013-இல் அவரே சொன்னார்.

தேன்சிட்டு:
எண்ணிக்கை விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த விதியை மாற்ற, தேர்வுக் குழுவில் யாராவது போய் உட்கார வேண்டும். அதற்கும் ஆசை வேண்டும்.

முதல்தூறல்:
அப்படி உட்காருபவர், யார் எதைச் செய்தார் என்று கட்டுரையிலேயே எழுதச் சொல்லட்டும், அதைப் படித்து மதிப்பிடட்டும். பெயர்ப் பட்டியலை மட்டும் எண்ணும் குழுவில் யார் உட்கார்ந்தால் எனக்கென்ன?