பரங்கிமலை பழைய பங்களா: மெட்ராஸ் டெரஸ் ஒழுகுது, மேலே கான்கிரீட் போடலாமா?

மலையடி:
எங்க குடியிருப்பு சின்னது. நடுவில் மெட்ராஸ் பீரங்கிப் படை இங்கே இருந்த காலத்து பங்களா ஒண்ணு; படிப்பகம், சங்கக் கூட்டம் எல்லாம் அதில்தான். மேல் தளம் மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைமேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட பழைய தளம்). 12-க்கு 10 அறையில் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒழுகுது. முன்னாடியே யாரோ சிமென்ட் பூசியிருக்காங்க. இன்னொரு 2 அங்குலம் கான்கிரீட் போட்டா சரியாயிடும்னு கான்ட்ராக்டர் சொல்றார். செய்யலாமா?

சுண்ணாம்புக்காளவாய்:
வேண்டவே வேண்டாம் சார். 2 அங்குல கான்கிரீட் சதுர அடிக்கு சுமார் 11 கிலோ. உங்க அறைக்கு 1,300 கிலோ கூடுது, அத்தனையும் தளத்தைத் தாங்குற பழைய தேக்குக் கட்டை தலையில். வெயிலில் சிமென்ட் வெடிக்கும். வெடிப்பில் இறங்கின தண்ணி மேலே ஆவியாக வழியில்லாம கட்டைக்குத்தான் போகும்.

முதல்ல ஒழுகல் எங்கேன்னு பாருங்க. சுவரை ஒட்டின்னா பெரும்பாலும் மூணில் ஒண்ணு: மழைநீர்க் குழாய் அடைப்பு, தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்ற மூலையில் பூச்சு விட்டுப்போனது, இல்லேன்னா சுவரில் முளைச்ச அரசங்கன்று. கன்றை வெட்டினா மட்டும் பத்தாது. வேரோட எடுக்கணும், தேவைப்பட்டா நாலு செங்கல்லைப் பிரிச்சாவது.

அடுத்து கட்டை. சுவருக்குள்ள போற முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்க. நடுவில் இரும்பு மாதிரி இருக்கும், முனையில் பொடிப்பொடியா உதிரும். அப்படி உதிர்ந்தா முட்டுக் கொடுக்காம மேலே ஆளையே ஏத்தாதீங்க.

மலையடி:
சரி சார், சிமென்ட்டைப் பிரிச்சிட்டு என்ன போடணும்? ஷீட் ஒட்டலாமா?

சுண்ணாம்புக்காளவாய்:
ஷீட்டும் ஈரத்தை அடைச்சுப் பூட்டிடும். பழைய முறைதான். சிமென்ட்டை உளி வச்சுப் பிரிக்கணும். பிரேக்கர் மெஷின் வச்சா கீழே செங்குத்தா, மூலைவாட்டில் அடுக்கின 1 அங்குல டெரஸ் செங்கல் கழண்டு கொட்டும். 4 அடி பட்டையா வேலை செய்யுங்க. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்து 3 அங்குலம், குழாய்ப் பக்கம் 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். மரக்கட்டையால் குறைஞ்சது மூணு நாள் அடிக்கணும். அடிக்கிற கட்டை துள்ளி எழும்பினா தளம் இறுகிடுச்சுன்னு அர்த்தம். மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) ரெண்டு வரிசை, இணைப்பு ஒண்ணுமேல ஒண்ணு வராம.

மேஸ்திரிமகன்:
அடிக்கும்போது தெளிக்க கடுக்காய்-வெல்லத் தண்ணி உண்டு, அதை மறந்துட்டாரு அண்ணன். அளவு ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு கணக்கு. ஓரமா 2 அடிக்கு 2 அடி மாதிரிக்கு போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. வெல்லம் கூடினா இறுக லேட்டாகும், எறும்பும் வரும். கடைப் பை சுண்ணாம்பை அப்படியே கலக்காதீங்க. கல்சுண்ணாம்பை நீற்றி ரெண்டு வாரமாவது தண்ணிக்குள்ள ஊற வைங்க. நீறாத துணுக்கு தங்கினா பின்னால பொரிஞ்சு தட்டோட்டைத் தூக்கும்.

பட்டாநம்பர்:
வேலைக்கு முன்னாடி இடம் யாருதுன்னு பாருங்க. பரங்கிமலையில் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) எல்லைக்குள்ள ‘ஓல்டு கிராண்ட்’ பங்களாவா இருந்தா நிலம் பாதுகாப்புத் துறையுது, கட்டடம் மட்டும்தான் வச்சிருக்கிறவருக்கு. ஜி.எல்.ஆர். (கன்டோன்மென்ட் பொது நிலப் பதிவேடு) பார்த்தா அது தெரியும். கட்டட வேலைக்கு கன்டோன்மென்ட் போர்டில் கேட்கணும். எல்லைக்கு வெளியேன்னா, 2010 உயர் நீதிமன்றத் தீர்ப்பில் வந்த பத்மநாபன் கமிட்டி பாரம்பரியப் பட்டியலில் (467 கட்டடம்) இருக்கான்னு பாருங்க. இருந்தா வேலைக்கு முன்னாடி சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கேட்டுக்குங்க.

சுண்ணாம்புக்காளவாய்:
இதையும் சேர்த்துக்குங்க: பொங்கல் கழிச்சு ஆரம்பிச்சு மார்ச்சுக்குள்ள முடிங்க. கத்திரி வெயிலில் சுண்ணாம்பு சட்டுனு காஞ்சு மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விடும். அதுவரைக்கும் இந்த மழைக்கு, குழாயைச் சுத்தம் பண்ணி, மூலையில் சுண்ணாம்பு-சுர்க்கி (செங்கல் பொடி) சாய்வுப் பூச்சு மட்டும் போட்டு ஓட்டுங்க.