அலாஸ்காப் பல்கலைக்கழகத்தைப் பற்றி வரும் செய்திகளை எப்படிப் புரிந்துகொள்வது?

வைகைக்கரை (கேள்வி):

என் அக்காள் மகளுக்கு ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்காப் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகம் குறித்த பழைய செய்திகளைத் தேடிப் படித்ததில் எனக்குக் குழப்பமே மிஞ்சியது. சொந்தமாக ராக்கெட் ஏவுதளமும் நூறாண்டு வரலாறும் உள்ள நிறுவனம் என்று ஒரு செய்தி பெருமையாகச் சொல்கிறது. 2019-இல் நிதி நெருக்கடி நிலையையே அறிவித்த நிறுவனம் என்று இன்னொரு செய்தி சொல்கிறது. இது ஒரே பல்கலைக்கழகமா, மூன்றா என்பதும் விளங்கவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் அங்கே தங்கிப் படிக்கப் போகிறவளிடம் என்ன சொல்லி அனுப்புவது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏடகம்:

மூன்று பல்கலைக்கழகங்கள், ஒரே நிர்வாகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேர்பேங்க்ஸ், ஆங்கரேஜ், தென்கிழக்கில் தலைநகர் ஜூனோவைத் தலைமையிடமாகக் கொண்டது என மூன்றும் தனித்தனியே தர அங்கீகாரம் பெற்றவை. மூன்றுக்கும் மேலே ஒரு தலைவரும், ஆளுநரால் நியமிக்கப்படும் 11 பேர் கொண்ட ஆட்சிக்குழுவும் உண்டு. அந்தக் குழுவில் ஓர் இடம் மாணவருக்குரியது.

மூத்தது ஃபேர்பேங்க்ஸ்தான். அதன் தொடக்கமே வேடிக்கையானது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் அலாஸ்காவின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் விக்கர்ஷாம், கல்லூரி வேண்டும் என்று அலாஸ்காவின் சட்டமன்றம் முடிவெடுப்பதற்கு முன்பே, 1915 ஜூலை 4 அன்று மூலைக்கல்லை நாட்டிவிட்டார். சட்டமன்றத்தின் ஒப்புதல் 1917-இல்தான் வந்தது. 2017-இல் நூற்றாண்டு கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். வேளாண்மைக்கும் சுரங்கத் தொழிலுக்குமான கல்லூரியாக 1922-இல் கதவு திறந்தபோது அங்கிருந்த மாணவர்கள் ஆறு பேர். மறு ஆண்டு ஒருவர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது 1935-இல்.

கணக்கன்:

2019-இல் நடந்ததை விளங்கிக்கொள்ள அலாஸ்காவின் கருவூலத்தைப் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது, மாநில அளவில் விற்பனை வரியும் கிடையாது. நீண்ட காலம் அரசின் செலவைத் தாங்கியது எண்ணெய் வருவாய். அதில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்க 1976-இல் நிரந்தர நிதியம் என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதிலிருந்து 1982 முதல் ஆண்டுதோறும் அங்கே வசிக்கும் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் ஈவுத்தொகை போகிறது. எண்ணெய் விலை சரிந்த பிறகு, ஈவுத்தொகையைக் குறைப்பதா, அரசுச் செலவைக் குறைப்பதா என்ற இழுபறி அங்கே ஓயாமல் நடக்கிறது.

ஈவுத்தொகையை முழுமையாகத் தருவேன் என்று வாக்களித்து வென்ற ஆளுநர் மைக் டன்லீவி, 2019 கோடையில் தம் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்திப் பல்கலைக்கழகத்துக்கான மாநில நிதியில் 13 கோடி டாலரை வெட்டிவிட்டார். சட்டமன்றம் ஏற்கெனவே குறைத்திருந்த 50 லட்சத்தையும் சேர்த்தால் மாநிலம் தரும் பணத்தில் 41 விழுக்காடு போயிற்று. அந்த ரத்தை முறியடிக்க 60 உறுப்பினர்களில் 45 பேரின் வாக்கு வேண்டும். ஆனால் கூட்டத்தை எங்கே நடத்துவது என்ற சண்டையில் ஒரு பகுதியினர் வசில்லா நகரிலும் மற்றவர்கள் ஜூனோவிலுமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்ததால் 37 வாக்குகளுக்கு மேல் தேறவில்லை. ஜூலையில் ஆட்சிக்குழு நிதி நெருக்கடி நிலையை, அதாவது நிரந்தரப் பேராசிரியர்களைக்கூட விரைவாகப் பணிநீக்க வழிசெய்யும் நிலையை, அறிவித்தது. ஆகஸ்டில் ஆளுநரும் ஆட்சிக்குழுவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, வெட்டு மூன்று ஆண்டுகளில் மொத்தம் 7 கோடி டாலர் என்று சுருங்கியது. நெருக்கடி அறிவிப்பும் திரும்பப் பெறப்பட்டது. முதல் செய்தியை மட்டும் படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகமே மூடப்பட்டுவிட்டதைப் போலத் தோன்றியிருக்கும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. 1980-களின் நடுவில் எண்ணெய் விலை விழுந்தபோதுதான், தனியே இயங்கிவந்த சமுதாயக் கல்லூரிகளை மூன்று பல்கலைக்கழகங்களுக்குள் இணைத்து, 1987-இல் இன்றைய அமைப்பை உருவாக்கினார்கள். 2019-இல் அந்த மூன்றையும் ஒன்றாக்கும் யோசனை மறுபடி எழுந்து, சில மாதங்களிலேயே அடங்கியது. மறுமுறை விலை விழுந்தால் மறுபடியும் எழும்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. அப்படியானால் ஆய்வு மாணவியின் உதவித்தொகையும் இந்த இழுபறியில் சிக்குமா?

உறைபனி:

நான் அங்கே படித்தவன் என்பதால் சொல்கிறேன். உதவித்தொகை எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் பாருங்கள். இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதற்காகத் தரப்படும் தொகை பெரும்பாலும் மாநில நிதியையும் கட்டண வருவாயையும் சார்ந்தது. ஆய்வுத் திட்டத்தில் பணிபுரிவதற்காகத் தரப்படுவது, பேராசிரியர் நாசா போன்ற கூட்டாட்சி அமைப்புகளிடம் வாங்கிய நிதியிலிருந்து வருவது. இரண்டாவது வகையானால் ஜூனோவின் சண்டை நேரடியாகத் தொடாது. ஆனால் வாஷிங்டனின் சண்டை தொடும். எத்தனை ஆண்டுகளுக்கு நிதி உறுதி என்று வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

புவி இயற்பியலுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் அரிது. அங்குள்ள புவி இயற்பியல் நிறுவனம் 1946-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் போக்கர் ஃப்ளாட் ஏவுதளத்திலிருந்து துருவ ஒளிக்குள்ளேயே ராக்கெட்டைச் செலுத்துகிறார்கள். கடலாய்வு செய்பவர்களுக்கு, பனியை உடைத்துச் செல்லும் சிகூலியாக் என்ற கப்பல் சீவார்டு துறைமுகத்தில் நிற்கிறது; அந்தப் பெயருக்கு அலாஸ்காப் பூர்வகுடி மொழியான இனுபியாக்கில் புதிதாக உறைந்த கடற்பனி என்று பொருள்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாகன நிறுத்துமிடங்களில் வரிசையாக மின்செருகிகள் இருக்கும். ஒவ்வொரு காரின் முன்பக்கத்திலிருந்தும் ஒரு கம்பி நாக்கை நீட்டித் தொங்கும். இயந்திரத்தைச் சூடாக வைக்க அதைச் செருகிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவோம். மறந்தால் மாலையில் வண்டி கிளம்பாது. வெப்பநிலை மைனஸ் 40-ஐத் தொட்டால், வளாக வாசலில் அதைக் காட்டும் பலகையின் அருகே நீச்சலுடையில் நின்று படம் எடுத்துக்கொள்வது மாணவர்களின் வழக்கம். நான் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஏடகம்:

உறைபனி விட்டதை நான் சேர்க்கிறேன். மேலே சொன்னவற்றைவிட நான் பெரிதாக மதிக்கும் செய்தி 2013-இல் வந்தது. வளாகம் அமைந்துள்ள குன்றுக்கு, ‘கீழ்த் தனனா அத்தபாஸ்கன்’ என்னும் பூர்வகுடி மக்கள் வழங்கிவந்த ட்ரோத் யெத்தா, அதாவது காட்டுக் கிழங்கு மேடு, என்ற பெயரை அந்த ஆண்டில்தான் கூட்டாட்சி அரசு முறைப்படி ஏற்றது. அங்குள்ள பூர்வகுடி மொழிகள் மையம் 1972 முதல் இயங்குகிறது. அதை நிறுவிய மைக்கேல் கிராவுஸ், அலாஸ்காப் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான ஏயக் மொழியை ஆவணப்படுத்திவைத்தார். அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி 2008-இல் மறைந்தார்.

கணக்கன்:

உங்கள் அக்காள் மகளுக்கு உபயோகப்படாவிட்டாலும் ஒரு சுவையான தகவல்: வெட்டுகளுக்கு நடுவே, 2020-இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற பாட் பிட்னி, முன்பு மாநில வரவுசெலவுத் திட்ட இயக்குநராக இருந்தவர், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றவரும் அவரே. ஃபேர்பேங்க்ஸ் துப்பாக்கி சுடும் அணியும் லேசுப்பட்டதல்ல, 1999 முதல் 2004 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது.

உறைபனி:

கடைசியாக ஒன்று: குளிர்ச் சட்டையையும் காலணியையும் நம் ஊரிலிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டாம். இங்கே கனமாகத் தெரிவது அங்கே அக்டோபரைக்கூடத் தாங்காது. முதல் மாத உதவித்தொகையில் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்; பெட்டியில் அந்த இடத்துக்குப் புளியையும் மிளகாய்த்தூளையும் வைத்து அனுப்புங்கள்.