மறு: சைட்டேஷனுக்குத் தமிழில் என்ன? ‘எடுத்தாட்சி’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் நாகர்கோவில் கல்லூரியில் கரிம வேதியியல் பேராசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார். அவருடைய மாணவர்கள் கொண்டுவரும் மலரில் ‘ஆய்வுப் பணியும் தாக்கமும்’ என்ற பகுதி என் பொறுப்பு. ஓர் ஆய்வுக் கட்டுரை முந்தைய கட்டுரை ஒன்றை ஆதாரமாகச் சுட்டுவதுதான் சைட்டேஷன். அந்தச் சொல் இல்லாமல் அதில் நாலு வரி நகராது. அண்ணாச்சி நேற்று இப்படிக் கேட்டிருந்தார்:

> மேற்கோள் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். பிறகு எதற்குப் புதுச் சொல்?

அண்ணாச்சி, மேற்கோள் என்றதும் வாசகருக்குத் தோன்றுவது பிறர் சொன்ன வாசகம். பட்டிமன்றத்தில் குறளை மேற்கோள் காட்டுகிறோமே, அது. வேதியியல் கட்டுரையில் அப்படி யாரும் இன்னொருவர் வரியை எடுத்துப் போடுவது அபூர்வம். எங்கள் சார் மருந்துவாழ்மலைச் செடி ஒன்றின் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, சாக்ஸ்லெட் என்ற சாறு இறக்கும் கருவியில் மெத்தனால் விட்டுச் சாறு இறக்கி, சிலிக்கா ஜெல்லில் பிரித்து, ஒரு சேர்மத்தைத் தனியே எடுத்தார். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனை பார்த்து அதன் அமைப்பையும் நிறுவினார். வேறொரு ஆய்வகத்துக்கு வேறொரு செடியில் அதே சேர்மம் கிடைத்தால், தங்கள் என்.எம்.ஆர். எண்களை அவருடைய எண்களோடு ஒத்துப் பார்த்துவிட்டு அவர் கட்டுரையைச் சுட்டுவார்கள். அங்கே எடுத்து ஆளப்படுவது அவருடைய அளவீடு.

அதனால்தான் ‘எடுத்தாட்சி’ என்கிறேன். எடுத்தாளுதல் நம்மிடம் புழங்கும் வினை. ஆள் என்பதிலிருந்து ஆட்சி வருவதுபோல் இதுவும் வரும். ‘இந்தக் கட்டுரை பலமுறை எடுத்தாளப்பட்டது’ என்று இயல்பாக எழுதலாம். தன் கட்டுரையைத் தானே சுட்டினால் தன்னெடுத்தாட்சி. எந்தக் கட்டுரையை எவை சுட்டின என்று தொகுத்து யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் வெளிக்கொண்டுவந்த சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை ‘அறிவியல் எடுத்தாட்சி அட்டவணை’ எனலாம்.

எச்-இண்டெக்ஸுக்கு ‘எச் எண்’ போதும். 2005-ல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டு, 21 கட்டுரைகளுக்குத் தலா 21 என்ற கணக்கு எட்டவில்லை என்றால் அவருடைய எச் எண் 20. பகுதித் தலைப்பில் இம்பாக்ட் என்ற பொருளில் வரும் ‘தாக்கம்’ என்றாலே 2017 ஒக்கிப் புயல்தான் நினைவுக்கு வருகிறது என்று தூத்தூர்த் தம்பி எழுதியிருந்தார். குமரிக் கடற்கரையில் அது நியாயமான பேச்சு. ஆனாலும் ஆய்வுலகில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது. அதை அசைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எனக்கு உண்மையில் சொல் தேவைப்படுவது வேறோர் இடத்தில். சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்பு என்ற வேதிவினையில் வருவது அவர் பெயர்தான். பேக்கர் 1933-லும் வெங்கட்ராமன் 1934-லும் வெளியிட்டது. செடிகளின் மஞ்சள் நிறமிகளான ஃபிளேவோன்களை ஆய்வகத்தில் உண்டாக்க இன்றும் அந்த வழி பயன்படுகிறது. ஆனால் வினையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு 1934 கட்டுரையைச் சுட்டாமல் போகிறவர்கள் உண்டு. வேலை எல்லார் கைக்கும் போய்விட்டது, எடுத்தாட்சிக் கணக்கில் மட்டும் ஏறவில்லை. குலசேகரத்தில் ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைக்கிறவர், அதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டுக்கொண்டா ஊற்றுகிறார்? அது மாதிரி.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார். உள்வாங்கப்பட்டதாலேயே மூலம் மறைந்துபோவது என்பது அதன் கருத்து. இதற்கு ‘உட்கரைவு’ என்று வைத்திருக்கிறேன். எச் எண்ணை மட்டும் பார்த்து ஒரு வேதியியலாளரை எடைபோடுகிறவர்களிடம் சொல்ல இப்படி ஒரு சொல் தமிழில் கட்டாயம் வேண்டும். சாரிடம் படித்தவர்கள் அவர் சொல்லிக்கொடுத்த பிரித்தெடுக்கும் முறையைத் தங்கள் கல்லூரிகளில் அப்படியே செய்கிறார்கள். அதுவும் எந்த அட்டவணையிலும் வராது.

மலருக்கு எழுதியிருக்கும் வரி இது: “பேராசிரியரின் கட்டுரைகள் பெற்ற எடுத்தாட்சிகள் ஒரு பங்கு, மாணவர்களின் ஆய்வகப் பழக்கத்தில் உட்கரைந்தது இன்னொரு பங்கு.”

‘உட்கரைவு’ என்றால் உப்பு கரைவதுபோல் வேதியியல் பொருளே முதலில் தோன்றுமோ என்று ஒரு தயக்கம் இருக்கிறது. ‘உள்மறைவு’ என்றும் யோசித்தேன், ஆனால் அதில் ஒளித்துவைக்கிற தொனி வருகிறது. அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அதற்குள் இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.