புதுப்பிப்பு: நீலச் சட்டை, சிவப்புக் கழுத்துத்துணி

பெர்லின் பழம்பொருள் சந்தையில் வாங்கிய நீலச் சட்டை, சிவப்புக் கழுத்துத்துணி இரண்டையும் ஒரே சாரணர் சீருடை என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு, மன்னிக்கவும்.

சட்டையின் இடது கையில் உள்ள சின்னத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்: நீலக் கேடயம், மஞ்சள் உதயசூரியன், மேலே எஃப்.டி.ஜே. என்ற எழுத்துகள். சாரணர் சின்னமே இல்லை. 1946-இல் தொடங்கிய, பிறகு கிழக்கு ஜெர்மனியின் அரசு இளைஞர் அமைப்பான 'சுதந்திர ஜெர்மன் இளைஞர்' இயக்கத்துடையது. 14 வயதில்தான் அதில் சேர்ந்தார்கள்.

கழுத்துத்துணியோ அதற்கு முந்தைய வயதுக்கு உரியது. கிழக்கு ஜெர்மனியின் 'பயனியர்' என்ற சிறுவர் அமைப்பினர் வெள்ளைச் சட்டை மேல் கட்டியது. முதலில் எல்லோருக்கும் நீலம்தான். மூத்தவர்களான தெல்மன் பயனியர்களுக்குச் சிவப்பு வந்தது 1973-இல். அப்புறம் என்ன, இந்தத் துணி அதற்கு முந்தையதாக இருக்கவே முடியாது. விற்றவர் இரண்டையும் சேர்த்து மாட்டியிருக்கிறார். இனி தனித்தனியாகவே வைப்பேன்.