நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தால் மளிகைக் கணக்குதான் வருகிறது

வளவுக்காரி (பள்ளத்தூர்):

மகள் கல்யாணமாகிப் போனபின் இந்தப் பெரிய வீட்டில் நானும் மாமியாரும்தான். மனசில் இருப்பதை எழுதிப் பாருங்கள் ஆத்தா, உங்களை உங்களுக்கே தெரியும் என்று மகள் சொன்னாள். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்த அன்று தொடங்கினேன். மூன்று மாதம் ஆகிறது. நேற்று எழுதியது இது: 'பூட்டு ரிப்பேர் 150. மோர் மிளகாய் காயப்போட்டது. அத்தைக்கு முழங்கால் வலி. கூரியர் 120.' இதில் நான் எங்கே இருக்கிறேன்? நோட்டை எங்கே வைப்பது என்பது இன்னொரு கவலை. மாமியாருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (தேவகோட்டை):

கணக்கை இளக்காரமாக நினைக்காதீர்கள் ஆச்சி. எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள். அவர்களுடைய 1938ஆம் வருஷத்துக் கணக்குச் சிட்டை என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி, அரிசி, எண்ணெய், வட்டி வரவு. ஒரு வாரத்தில் மட்டும் தபால் தலை 3, தபால் தலை 2, மறுநாள் தபால் தலை 4. தேதியைப் பார்த்தால், ஊரில் எங்கள் அப்பச்சி (அப்பா) பிறந்த வாரம்! சந்தோஷம் என்று ஒரு வார்த்தை கிடையாது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையும் 1736 முதல் 1761 வரை கப்பல் வந்ததையும் சரக்கு போனதையும்தான் நிறைய எழுதினார். ஆள் எப்படிப்பட்டவர் என்பது அதிலேயே தெரிகிறது. எழுதியதைத் திரும்பப் படிக்கிறீர்களா?

பேனா மூடி (சென்னை):

மனோதத்துவம் படிக்கிறேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிஷம், தங்களை மிகவும் வருத்திய சம்பவத்தை எழுதச் சொன்னார். நடந்ததையும் அப்போது பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் பிறகு வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு கனத்துத்தான் போனது. அதற்காகப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அவருடைய பிந்தைய ஆய்வுகளில், 'ஏனென்றால்', 'அதனால்' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்குப் பலன் அதிகம் தெரிந்தது. உங்கள் கணக்கில் ஏதாவது ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் 'ஏன்' எழுதிப் பாருங்களேன்.

மூணாம் புள்ளி (காரைக்குடி):

நோட்டை அரிசிப் பானையில் வைக்காதீர்கள். முதலில் கை போகிற இடம் அதுதான். எனக்கு அனுபவம். பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் வையுங்கள், யாரும் பிரிக்க மாட்டார்கள்.

வளவுக்காரி:

வாத்தியார் சொன்னபிறகு இரட்டைக்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். கூரியர் ஒன்பது முறை! ஒன்பதும் மகளுக்குத்தான்: சீப்புச் சீடை, மனகோலம், அப்புறம் மறுபடியும் சீப்புச் சீடை. இங்கே யாரும் சாப்பிடுவதில்லை, அனுப்பாதீர்கள் என்று அவள் தை மாதமே சொல்லிவிட்டாள். அதை மட்டும் நான் நோட்டில் எழுதவே இல்லை.

சரி என்று ஒன்பதாவது கூரியருக்குப் பக்கத்தில் 'ஏன்' போட்டேன். 'ஏனென்றால்' வரை வந்து பேனா நின்றுவிட்டது. மாமியார் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். ராத்திரி வந்து முடித்தேன்: 'ஏனென்றால் சட்டி அடுப்பில் இருக்கும்வரை வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.' அழுகை வந்தது. பேனா மூடி சொன்னதால் பயப்படவில்லை.

இதற்கிடையில் காலையிலேயே மாவு மில்லில் அரிசி கொடுத்துவிட்டேன். போய் வாங்கி வர வேண்டும்.